மூட்டத்தில் வைத்த மொட்டு

அத்தியாயம் 17

போன வாரம் பாலசுப்பிரமணியனைப் புதன்கிழமை விடியற்காலையில், கையில் சாவியோடு, வாழைக்காய் பழுக்கவைக்கும் மூட்ட அறையின் வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அறுபத்திரண்டு வயது மனிதர், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறார். முதலில் அவரை உள்ளே விடுவோம்.

கதவிடுக்கில் திணித்திருந்த ஈரச் சாக்கை இழுத்துப் போட்டார். பூட்டைத் திறந்தார். புகையும் பழ வாசனையும் கலந்த வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. செஞ்சி பஜாரில் நாற்பது வருஷமாக வாழைக்காய் மண்டி வைத்திருப்பவருக்கு அந்த வாசனையே போதும், விளக்கு வேண்டாம். பூவன் பதமாகப் பழுத்துவிட்டது. ரஸ்தாளிக்கு இன்னும் அரை நாள் வேண்டும்.

ஆனால் இன்றைக்கு அவர் பழம் பார்க்க வரவில்லை.

பின்சுவர் ஆணியில் மரத்துண்டோடு தொங்கிய செடியின் மேல் டார்ச் அடித்தார். பூந்தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. கீழே தரையில் ஆறு மொட்டுகள் மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்தன. தண்டின் நுனியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தொட்டார். தொட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது.

"ஏழும் போச்சு" என்று வாழைத்தார்களிடம் சொன்னார். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு காபி போட்டுக்கொண்டு வரலாம்.

கீழே மண்டி, மேலே வீடு. அந்த வீட்டில் முப்பத்து மூன்று வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய ஆதிலட்சுமி, போன ஆடி மாதம் மகள் மதுமதியின் பிரசவத்துக்காக ஓசூர் போனாள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. மகளும் மருமகன் அருண்பிரசாத்தும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. மூன்று மாதம் ஆறாகி, ஆறு பத்தாகிவிட்டது.

போகும்போது அவள் கணவரிடம் பத்திரமாக ஒப்படைத்தது ஒரே ஒரு பொருளைத்தான். நாலு வருஷத்துக்கு முன் திருவண்ணாமலை ரோட்டை அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்களை வெட்டினார்களே, அப்போது விழுந்த கிளை ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்த ஆர்க்கிட் செடி அது. அதற்கு மண் வேண்டாம். மரத்தைப் பற்றிக்கொண்டு, வேர்களைக் காற்றில் தொங்கவிட்டபடி பிழைத்துக்கொள்ளும். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, புல்லுருவியை யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா என்றார்கள். அது மரத்தை உறிஞ்சுவது, இது மரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று அவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு, மொட்டைமாடியில் பச்சை வலைக்கு அடியில் அதைத் தொங்கவிட்டாள் ஆதிலட்சுமி.

போகும்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி மாடிக் கதவின் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். காலையில் மட்டும் தண்ணீர் தெளிக்கவும். வெள்ளையாக இருக்கும் வேர் பச்சையாகும் வரை தெளித்தால் போதும். போர் தண்ணீர் உப்பு, டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீர்தான். இலைக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், துணியால் ஒற்றி எடுக்கவும். உச்சி வெயில் ஆகாது. மொட்டு வந்தால் இடம் மாற்றக் கூடாது.

அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணீரைக்கூட ஒரு செடிக்கு ஊற்றி அறியாத மனிதர், அந்தத் தாளை அப்படியே கடைப்பிடித்தார். செடிப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் போன்.

இந்தத் தம்பதிக்குப் போனில் பேசிப் பழக்கம் கிடையாது. நேரிலேயே அதிகம் பேசியதில்லை. அவள் போன முதல் வாரம் தினமும் ஒரே பேச்சு. சாப்பிட்டீங்களா, ஆச்சு, சரி வெக்கறேன். அப்புறம்தான் ஒருநாள் வேர் வெள்ளையாகவே இருக்கிறது என்று அவர் சொல்லப்போக, அவள் ஒன்பது கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மாடியில் இருந்தபடியே போன் செய்வார். புது இலை எவ்வளவு நீளம், டிரம்மில் தண்ணீர் எவ்வளவு, எறும்பு ஏறுகிறதா என்று பதினைந்து நிமிஷம் ஓடும். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்தையும் அவர் அந்தப் பதினைந்து நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் தள்ளினார்.

நாற்பது நாளைக்கு முன் இலை இடுக்கில் தண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. நாலு வருஷத்தில் முதல் பூந்தண்டு. மனுஷன் அங்கேதான் கோட்டைவிட்டார். பூத்த பிறகு சொல்லி அவளை அசத்திவிடலாம் என்று மறைத்தார். தினமும் அவள் கேட்பாள், அப்படியேதான் இருக்குது என்பார். பேச்சு பதினைந்து நிமிஷத்திலிருந்து ஐந்துக்கு வந்தது. போன வியாழக்கிழமை அவள் சொன்னாள், "புதன்கிழம கார் ஒண்ணு வருது. நான் வந்து செடிய இங்க எடுத்துக்கறேன்."

செடி போனால் ஏழு மணி போனும் போய்விடும். வேறு எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க யோசித்தார். புதன்கிழமைக்குள் பூத்துவிட்டால்? பூத்த செடியை இடம் மாற்றக் கூடாது. பூத்தால் பதினைந்து நாளாவது நிற்குமாம். அந்தப் பதினைந்து நாளும் இருந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்லலாம். மொட்டுகளோ பச்சை மிளகு போல இறுகிக் கிடந்தன.

நாளை மறுநாள் கல்யாணம் என்று அவலூர்பேட்டைக்காரர் வந்து சொன்னால், நாளை மறுநாள் காலையில் மஞ்சளாகத் தார் கொடுக்கிறவர் பாலசுப்பிரமணியன். அறையில் காயை அடுக்கி, மூலையில் சட்டி வைத்து வாழைச்சருகைப் புகைய விட்டு, கதவை அடைத்தால் தேதி தவறாது. அதற்குத்தான் மூட்டம் என்று பெயர். காயைப் பழமாக்குகிற மூட்டம் மொட்டைப் பூவாக்காதா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பூவன் தார்களோடு செடியையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். இடம் மாற்றக் கூடாது என்ற வரி நினைவுக்கு வந்தது. மாடியிலிருந்து கீழே வருவதெல்லாம் ஒரு இடமாற்றமா என்று சமாதானம் செய்துகொண்டார்.

சரி, காபி குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஏழு மொட்டுகளையும் பொறுக்கி, பேப்பர் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மண்டியில் அவரோடு இருபது வருஷமாக இருக்கும் கோவிந்தசாமி எடைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மொதலாளி, செடி மூஞ்சி தொங்கிப் போயி கெடக்குது."

"ஒண்ணுமில்ல. நீ பூவன எறக்கு."

"அக்கா இன்னிக்கு வராங்கல்ல?"

"பத்து மணிக்கு."

"பூவக் காட்டணும்னு சொல்லிக்கினு இருந்தியே."

பாலசுப்பிரமணியன் மாடி ஏறினார். பூ வரப்போகும் விஷயம் மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. கோவிந்தசாமிக்குத் தெரியும். வீட்டில் ஆள் இல்லாதவர்கள் நல்ல செய்தியை இப்படித்தான் கிடைத்த காதில் போட்டுவைக்கிறார்கள்.

மாடியில் செடியைப் பழைய கம்பியில் மாட்டினார். மொட்டைத் தண்டு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடும் போல நின்றது. தண்டே இல்லாவிட்டால் மொட்டு வந்ததும் இல்லை, போனதும் இல்லை. சீப்பு அறுக்கிற கத்தியை எடுத்துவந்து அடியோடு அறுத்தார். அறுத்த கையோடு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு புகை வாசனை போகட்டும் என்று இலைகளை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தார்.

ஏழு மணி ஆனது. இன்றைக்குப் போன் செய்யத் தேவையில்லை. அவள் பாதி வழியில் இருப்பாள்.

பத்தேகாலுக்கு வெள்ளைக் கார் ஒன்று மண்டி வாசலில் நின்றது. மருமகனோடு வேலை பார்க்கும் ராஜாராம், புதுச்சேரிக்கு ஏதோ வேலையாகப் போகிறவர், வழியில் இறக்கிவிட்டார். சாயந்திரம் நாலரைக்குத் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிலட்சுமி இளைத்திருந்தாள். தலைக்குச் சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, முன்நெற்றி முழுக்க வெள்ளை. பத்து மாதத்துக்குப் பிறகு மனைவியைப் பார்க்கிற மனிதர் ஏதாவது சொல்ல வேண்டும். அவர் சொன்னது இது.

"பையக் கொடு."

"இருக்கட்டும். வெயிட் இல்ல." அவள் மண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கோவிந்தசாமியிடம் பேத்தியின் படத்தைப் போனில் காட்டினாள். வீட்டுக்குள் பையை வைத்தாள், கையைக் கழுவினாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் மாடிக்கு ஏறினாள். அவர் பின்னாலேயே போனார்.

செடியின் முன்னால் அவள் நின்ற விதம் டாக்டர் நிற்பது போல இருந்தது. வேரைப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது இலையின் இடுக்கில் விரலை வைத்தாள்.

"இது இன்னாங்க?"

"எது?"

"இது. கத்தி பட்ட எடம்."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கத்தி வெச்சிக்கினு வருதா?"

அவர் பச்சை வலையைப் பார்த்தார். அவள் இலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். இரண்டாவது தடவையும் முகர்ந்தாள்.

"பொக வாசன."

கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். தண்டு வந்தது, மறைத்தது, மூட்டத்தில் வைத்தது, இன்றைக்கு விடியற்காலை பார்த்தது, அறுத்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பஜாரில் நாலு பேரை அதட்டிப் பேசுகிற குரல் இல்லை அது.

"எத்தன மொட்டு?"

"ஏழு."

"பழம் பழுக்கிற எடத்துல பூச்செடி வெச்சா மொட்டு கொட்டிடும். பழத்துலேர்ந்து ஒரு காத்து வரும், அதுவே போதும். பொகையும் சேந்தா கேக்கவே வேணாம். அதுக்குத்தானே நான் இத ஒருநாள்கூட கீழ எறக்குனதில்ல."

"நீ தாள்ல எழுதலியே."

"நீங்க மூட்டம் போடுவீங்கன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

அவள் செடியை மண்டிப் பக்கம் கொண்டுவராததற்கு அவர் இத்தனை நாளும் வேறு காரணம் நினைத்திருந்தார். மண்டி அவளுக்கு இளப்பம் என்று நினைத்திருந்தார். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நாலு வருஷத்தில் கேட்கவில்லை.

"மொட்டெல்லாம் எங்க?"

சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தார். அவள் மடியில் பிரித்து வைத்தாள். இருப்பதிலேயே பெரிய மொட்டாக ஒன்றை எடுத்து, நகத்தால் மெதுவாகக் கீறி விரித்தாள். உள்ளே இதழ்கள் ஈரத்தோடு மடிந்து கிடந்தன. மஞ்சள் இதழில் பழுப்புக் கோடுகள் வலை பின்னினாற்போல் ஓடின. நடுவில் கடுகளவுக்கு ஊதா.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு தலையும் இடித்துக்கொள்ளும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தன.

"இந்தக் கலரா" என்றாள் அவள். "நான் வெள்ளையா இருக்கும்னு நெனச்சேன்."

பேப்பரைத் திரும்ப மடித்தபடி, "நாலு வருசம் பாத்துக்கிட்டேன், ஒண்ணு விடல. நான் போன பின்னால ஏழு விட்டிருக்குது" என்றாள். கோபம் அவர் மேலா செடி மேலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பூத்த பின்னால சொல்லலாம்னு இருந்தேன், ஆதி."

"நாப்பது நாளு. தெனம் கேட்டேன். அப்பிடியேதான் இருக்குதுன்னீங்க. அது ஏங்கிப் போயி நிக்குதுன்னு நெனச்சிக்கினு நான் நாலு நாள் தூங்கல. அதுக்குத்தான் அந்தத் தம்பிகிட்ட கெஞ்சி கார்ல எடம் கேட்டேன். மொட்டு விட்டிருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத நான் எதுக்கு எடுத்துக்கினு போகணும்?"

பாலசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளை அசத்த அவர் மறைத்த விஷயம்தான் செடியை இங்கிருந்து கிளப்பியிருக்கிறது. தன் கையாலேயே இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்.

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதைக் காட்ட ஆள் இல்லாததால், "வா, சாப்பிடு" என்றார்.

சமையல் அவர்தான். சாம்பார், வாழைக்காய் வறுவல். பத்து மாதத்தில் உப்பு, புளி கைக்கு வந்துவிட்டது. அவள் ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டாள்.

"மெதுவா சாப்டேன். யாரு தொரத்தறாங்க?"

"பழக்கமாயிடுச்சி. புள்ள எழுந்துக்கறதுக்குள்ள முடிக்கணும்." தட்டில் விரலால் கோடு போட்டபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்காமலேயே பேசினாள். "ஒம்பதாவது மாடி. எட்டிப் பாத்தா மனுசங்க தலதான் தெரியும். மது ரூம சாத்திக்கினு மீட்டிங்ல இருப்பா. மாப்ள ஆபீஸ் போயிடுவாரு. நல்ல புள்ளைங்கதான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. கொழந்த தூங்கிடுச்சின்னா ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் மட்டும்தான் இருக்கும். நானும் ஒக்காந்து கேட்டுக்கினு இருப்பேன்."

"இங்க எனக்குக் கோவிந்தசாமியாவது இருக்கான்."

"ஆமா. உங்களுக்கு ஆள் இருக்குது." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பால்கனில ஆணி அடிச்சி மூணு மாசமாச்சி. வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துப் பாத்து, ரெண்டு தடவ மாத்தி அடிச்சேன். மது கேட்டா, எதுக்கும்மா இங்க ஆணின்னு. சும்மான்னு சொன்னேன்."

அவர் வாய்வரைக்கும் வந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மூன்று மாதமாக வெறும் ஆணி. அவர் இங்கே காலையில் செடியின் முன்னால் நின்று பேசும் அதே நேரத்தில், அவள் அங்கே அந்த ஆணியின் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தனக்கு மட்டும்தான் வீடு காலியாக இருக்கிறது என்று பத்து மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் இருக்கிற வீட்டிலும் ஒருத்தி தனியாக இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் ஒரு தடவை முயன்று பார்த்தார். மனிதர்தானே.

"நாலு நாள் இருந்துட்டுப் போயேன்."

"மாப்ள இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு போட்டிருக்காரு. நாளைக்கு மதுவுக்கு எட்டு மணிக்கே வேல."

"கார்ல ஆடிக்கினே போனா வேர் ஒடிஞ்சிரும்."

"மடில வெச்சிக்கறேன்."

"ஓசூர் குளுரு இதுக்கு ஆகுமா?"

"அங்க எங்க பாத்தாலும் பூச்செடிதான் வளக்கறாங்க." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்னா சொல்லுங்க. வெச்சிட்டுப் போறேன். எடுத்தே ஆகணும்னு இல்ல."

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செடி பச்சை வலைக்கு அடியிலேயே இருந்திருக்கும், நாளைக்கு ஏழு மணிக்குப் போனும் இருந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதோடு அந்த ஆணியும் கண்ணுக்குள் நின்றது.

"எடுத்துக்கினு போ" என்றார்.

பிறகு கட்டுவதற்கு உட்கார்ந்தார்கள். ஊர் ஊராகத் தார் கட்டி அனுப்புகிற கை அல்லவா, உடனே வாழைச்சருகு கொண்டுவந்தார். அவள் தலையை ஆட்டினாள். சருகிலும் பழத்தின் வாசனை ஏறியிருக்கும், வேண்டாம் என்றாள். பீரோவிலிருந்து அவளுடைய பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துக் கிழித்தார்கள். அவர் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டார், அவள் ஒவ்வொரு வேராக எடுத்துத் துணியில் வளைத்தாள். காய்ந்த வேர் வளையாமல் முரண்டு பிடித்தது. அவர் விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினார். வேர் மெல்லப் பச்சையாகி வளைந்தது.

"நல்லா பழகியிருக்கீங்க" என்றாள்.

"தெனம் பண்றதுதானே."

"மறுபடி தண்டு விடுமா?" என்று அவரே கேட்டார்.

"விடும். செடி நல்லாத்தான் இருக்குது. நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க, கடைசி மூணு நாளத் தவிர."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். மணி மூன்றே முக்கால். முப்பத்து மூன்று வருஷத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலையை இவ்வளவு நேரம் செய்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். கட்டி முடியாமல் போனால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு இருந்தது. கட்டி முடித்துவிட்டார்கள்.

நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ராஜாராமின் கார் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் மேல் பாலசுப்பிரமணியனுக்கு முதல் தடவையாக எரிச்சல் வந்தது. கோவிந்தசாமி நாலு சீப்பு பூவனைக் காரில் வைக்கக் கொண்டுவர, ஆதிலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "பழம் வேணாம் கோவிந்தசாமி, செடி வருது" என்றாள். மண்டிக்காரர் வீட்டிலிருந்து ஒரு பழம்கூட இல்லாமல் மகள் வீட்டுக்குப் போகிறாள். கோவிந்தசாமி ஒன்றும் புரியாமல் சீப்போடு நின்றார்.

அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவர் செடியை அவள் மடியில் வைத்தார். துணியின் ஒரு முனை காற்றில் படபடத்தது, அதை உள்ளே செருகினார். இன்னொரு முனையையும் செருகினார். செருகுவதற்கு வேறு எதுவும் இல்லை. கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், போலாமா?" என்றார் ராஜாராம், மரியாதையாகத்தான்.

"ஒரு நிமிசம் தம்பி."

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதை அவர் பத்து மாதமாகச் சொல்லவில்லை. எதிர்ச்சாரியில் இரண்டு கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திருவண்ணாமலை பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. இப்போதும் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"செடிய எடுத்துக்கினு போயிட்டா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டு, "காலைல ஏழு மணிக்கு நான் இன்னான்னு சொல்லி உனக்குப் போன் பண்றது?"

ஆதிலட்சுமி அவரையே பார்த்தாள். பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "நீ எப்பிடி இருக்கேன்னு கேக்கக் கூடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் கை கதவிலிருந்து தானாக இறங்கியது. கார் நகர்ந்தது. பஸ் அதற்குப் பின்னால் போய் மறைத்துக்கொண்டது.

மாடிக்குப் போனார். சாயந்திர வேளையில் அவருக்கு மாடியில் ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் போனார். பச்சை வலைக்கு அடியில் கம்பி மட்டும் வளைந்து தொங்கியது. மேற்கே ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கவிழ்த்த வாளியில், அவள் உட்கார்ந்த அதே வாளியில் உட்கார்ந்தார்.

நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் அவளைக் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளை யார் அப்படிக் கேட்பார்கள்? எதிரிலேயே நடமாடுகிறாள், சமைக்கிறாள், இருமினால் காதில் விழுகிறது. பார்த்தால் தெரியாதா என்றுதான் இத்தனை வருஷமும் இருந்துவிட்டார். பார்த்தும் தெரியவில்லை என்பது இன்றைக்குத் தெரிந்தது. வேர் வெள்ளையா பச்சையா என்று தினமும் குனிந்து பார்த்த மனிதர் அவர். இன்றைக்கு அவள் ஆறு மணி நேரம் எதிரில் இருந்தாள். அப்போதும் கேட்கவில்லை.

கீழேயிருந்து கோவிந்தசாமி கூப்பிட்டார். "மொதலாளி, தொண்டூர்லேர்ந்து ஆள் வந்திருக்குது. ரஸ்தாளி எப்ப எறக்கறதுன்னு கேக்கறாங்க."

"காலைல வரச் சொல்லு."

ஆறு மணி நெருங்கியபோது போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். அறுபத்திரண்டு வயதில் கட்டின மனைவிக்குப் போன் செய்ய ஒருவர் இவ்வளவு யோசிப்பாரா என்று கேட்பீர்கள். யோசித்துவிட்டுத்தான் அழுத்தினார். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தாள்.

"இன்னாங்க, எதனா விட்டுட்டு வந்துட்டனா?"

"இல்ல."

"செங்கம் தாண்டியாச்சி. செடி நல்லா இருக்குது. ஆட்டமே இல்ல."

"செடிய வுடு" என்றார். "ஆதி, நீ எப்பிடி இருக்கே?"

கார் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஆதி?"

"இருக்கேன்." குரலைத் தணித்துக்கொண்டாள். "அத இப்ப கேட்டா எப்பிடிங்க சொல்றது. முன்னால அந்தத் தம்பி இருக்காரு. மதுகிட்ட கூட நான் இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். காலைலேர்ந்து நீங்களா கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"இன்னா, ஆதி? இன்னா சொல்லணும்?"

"காலைல பண்ணுங்க. சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, வாளி மேல் உட்கார்ந்திருந்தார். மணி ஆறைத் தாண்டி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது; காலை ஏழு மணிக்கு இன்னும் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் இருந்தது.